அந்தப் பென்குயின் கடை வைத்திருந்ததா?

“அதுல ஒரு பென்குயின் வரும் மாப்ள. கடை வச்சிருக்கும். கொய்யாக்கா ரெண்டு கிலோ எவ்வளவுன்னு தமிழ்ல கேக்கும். தப்பாச் சொன்னா மேல இருந்து குண்டு விழும்.”

“கடையெல்லாம் இல்லடா. அது மீன் திங்கும். எழுத்து போட்ட மீனு.”

“மீனா? அது துப்பாக்கி வச்சுச் சுடும்ப்பா.”

கூமாப்பட்டி, வத்திராயிருப்பு, கான்சாபுரம் பக்கம் பள்ளிக்கூடம் படித்து இப்போது முப்பதைத் தாண்டிவிட்ட எங்கள் செட்டு ஒரு கல்யாண வீட்டில் கூடினால், கம்ப்யூட்டர் ரூம் பேச்சு வராமல் பந்தி முடியாது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வரிசையாகப் போய், ஒரு மெஷினுக்கு நாலு பேர் என்று நெருக்கி உட்கார்ந்து, கீபோர்டு யார் கைக்கு என்று முட்டிக்கொண்ட அந்த ஒரு பீரியட். அதில் ஆடிய விளையாட்டின் பெயர் ஒருவருக்கும் தெரியாது. ஆடினோம் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

பெயர் தெரியாத ஒன்றை எப்படித் தேடுவது? ‘பென்குயின் கடை கணக்கு விளையாட்டு’ என்று கூகுளில் அடித்தால் வேலைக்கு ஆகாது. நினைவை அப்படியே நம்பிப் போனால் உலகத்திலேயே இல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டிருப்போம். நம்பாமல் தள்ளிவிட்டால் பிடித்துக்கொண்டு போக ஒரு நுனிகூட மிஞ்சாது. நினைவில் எது பார்த்தது, எது பேச்சில் வந்து ஒட்டிக்கொண்டது என்று பிரிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதியைக் கம்ப்யூட்டரின் வரலாறு முடித்துக் கொடுக்கும்.

பேசுவதற்கு முன் எழுது

2003-இல் ஃபியோனா கேபர்ட், அமினா மேமன், கெவின் ஆலன் என்ற மூன்று உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஆட்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்து ஒரே சம்பவத்தின் வீடியோவைக் காட்டினார்கள். இருவருக்கும் காட்டியது வெவ்வேறு கோணத்தில் எடுத்த படம். ஒருவர் கண்ணில் பட்ட சில விஷயங்கள் மற்றவர் கண்ணில் பட வழியே இல்லை. இது அவர்களுக்குத் தெரியாது. பார்த்து முடித்ததும் இருவரையும் பேசவிட்டார்கள். பிறகு தனித்தனியாக விசாரித்தபோது, பேசியவர்களில் 71 சதவீதம் பேர் தாங்கள் பார்க்கவே முடியாத ஒரு விவரத்தையாவது பார்த்ததாகச் சொன்னார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. பக்கத்து ஆள் சொன்னது அவர்கள் நினைவுக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டது.

ஒரு நினைவின் உள்ளடக்கம் ஒரு பக்கம். அது எங்கிருந்து வந்தது என்ற முகவரி இன்னொரு பக்கம். உள்ளடக்கம் தங்கிவிடும், முகவரி சீக்கிரம் அழிந்துபோகும். கண்ணால் பார்த்ததா, கூடப் படித்தவன் சொல்லிக் கேட்டதா, வேறொரு வருஷம் வேறொரு மெஷினில் பார்த்ததா என்பது மறந்துவிடும். அமெரிக்க உளவியலாளர் மார்சியா ஜான்சனும் அவர் கூட்டாளிகளும் 1993-இல் இதை விரிவாக எழுதினார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷம் கல்யாண வீட்டிலும் வாட்ஸ்அப் குரூப்பிலும் அரைத்த ஒரு கதையில் யார் பார்த்தது எது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

எல்லோரும் ஒன்றுபோலச் சொல்கிறார்களே, அது சாட்சி இல்லையா என்றால், அதுவும் இல்லை. 2022-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தீபாஸ்ரீ பிரசாத், வில்மா பெயின்பிரிட்ஜ் இருவரும் உலகமே அறிந்த 40 உருவங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் சரியானது ஒன்று, மாற்றி வரைந்தது இரண்டு என்று வைத்து, எது அசல் என்று கேட்டார்கள். ஏழு உருவங்களில் பெரும்பாலோர் தப்பான படத்தைக் காட்டினார்கள். எல்லோரும் காட்டியது அதே தப்பான படம். அவற்றில் ஒன்றான பிக்காச்சு என்ற கார்ட்டூன் உருவத்தின் வால் நுனி கறுப்பு என்று அடித்துச் சொன்னார்கள். காதுநுனிதான் கறுப்பு. ஒருவரோடு ஒருவர் பேசாமலே மனித மூளைகள் ஒரே இடத்தில் வழுக்குகின்றன.

ஆகவே முதல் விதி: தேட ஆரம்பிக்கும் முன் ஒவ்வொருவரும் தனியாக, ஒரு தாளில், தன் நினைவில் இருப்பதை எழுதிவிட வேண்டும். எந்தப் படத்தையும் பார்க்கும் முன் எழுத வேண்டும். பார்த்துவிட்டால், “இதுதான், எனக்கு அப்பவே தெரியும்” என்று மனசு சொல்ல ஆரம்பித்துவிடும். விடை தெரிந்தபின் முன்பே தெரிந்ததுபோலத் தோன்றும் இந்தக் குணத்தை 1975-இல் பரூக் ஃபிஷாஃப் சோதனைகளால் காட்டினார்.

நினைவில் நம்பத்தக்க பகுதியும் உண்டு. யோசித்துச் சொல்வதைவிடப் பார்த்து அடையாளம் காண்பதில் மனித மூளை கெட்டி. 1973-இல் லயனல் ஸ்டாண்டிங் சிலருக்கு ஐந்து நாளில் 10,000 படங்களைக் காட்டி, பிறகு சோதித்தார். புதுப் படத்தையும் பார்த்த படத்தையும் பக்கத்தில் வைத்துக் கேட்டபோது நூற்றுக்கு எண்பதுக்கு மேல் சரியாகக் காட்டினார்கள். தேடலின் கடைசிப் படியில் இந்தத் திறமையை வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன், எந்தப் படத்தைக் காட்டுவது என்று தெரிய வேண்டுமே.

மெஷினைக் கேள், விளையாட்டைச் சொல்லும்

விளையாட்டைப் பற்றிய நினைவு ஒட்டுப்போட்டதாக இருக்கலாம். அது ஓடிய மெஷினைப் பற்றிய நினைவைப் பெரும்பாலும் யாரும் பேசிப் பேசிக் கெடுத்து வைக்கவில்லை. “என்ன விளையாட்டு?” என்று கேட்காமல், “மானிட்டருக்குப் பின்னால் முதுகு இருந்ததா, தட்டையா? மவுஸைத் திருப்பினால் உருண்டை விழுமா? கொண்டுவந்தது பிளாப்பியா, சிடியா, பென்டிரைவா?” என்று கேட்டால் பதில் தயங்காமல் வரும். ஒவ்வொரு பதிலும் ஒரு வருஷக் கணக்கு.

ராஜபாளையத்தில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போன ஒரு சித்தப்பா, தான் பார்த்த விளையாட்டில் வானம் வாடாமல்லி நிறத்தில் இருந்தது என்பார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் இது தங்கமான தடயம். 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் சிஜிஏ அட்டையில் படத்துக்கு இருந்த இடம் 16 கிலோபைட். திரையில் 320-க்கு 200 என்று 64,000 புள்ளிகள். புள்ளிக்கு 2 பிட் கொடுத்தால் 1,28,000 பிட், அதாவது 16,000 பைட். அத்தோடு அட்டை நிறைந்துவிடும். 2 பிட்டில் நான்கு நிறம்தான் குறிக்க முடியும். அந்த நாள் விளையாட்டுகளில் பெரும்பாலும் அவை கறுப்பு, வெள்ளை, பச்சை கலந்த வெளிர்நீலம், வாடாமல்லி. மரத்துக்கும் மனிதனுக்கும் வானத்துக்கும் இந்த நான்குக்குள்தான் வண்ணம் அடித்தாக வேண்டும். 1984-இல் இஜிஏ வந்து நிறம் 16 ஆனது. 1987-இல் விஜிஏ வந்து ஒரே திரையில் 256 ஆனது. வாடாமல்லி வானத்தைப் பார்த்தவர், சிஜிஏவுக்காக எழுதிய விளையாட்டைப் பார்த்தவர். ஆயிரக்கணக்கான டாஸ் விளையாட்டுகளில் பெரும்பகுதி அந்த ஒரு வாக்கியத்திலேயே கழிந்துவிடும்.

அதற்கும் முந்திய தலைமுறை ஒன்று உண்டு. 1984-85 கல்வியாண்டில் மத்திய அரசு ‘கிளாஸ்’ என்ற பள்ளிக் கணினித் திட்டத்தைத் தொடங்கி, முதல் சுற்றில் சுமார் 250 பள்ளிகளுக்கு பிரிட்டனின் பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்களைக் கொடுத்தது. நினைவகம் 32 கிலோபைட். இன்று வாட்ஸ்அப்பில் போகும் ஒரு ஸ்டிக்கரே அதைவிடப் பெரிதாக இருக்கக்கூடும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்த மெஷின் வந்துசேரவில்லை.

எங்கள் செட்டுக்கான கேள்விகள் வேறு. முதல் கேள்வி பாடப்புத்தகம். பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸில் ஸ்டார் ஆபீஸும் சி பிளஸ் பிளஸும் படித்தீர்களா? அப்படியானால் 2000-களின் நடுவிலிருந்து 2018-க்குள் ஒரு காலம். பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் படித்தீர்களா? 2019-க்குப் பிறகு. இரண்டாவது கேள்வி திரை. கம்ப்யூட்டரைப் போட்டதும் பச்சை மேடும் நீல வானமும் தெரிந்ததா? அது விண்டோஸ் எக்ஸ்பி. வெளிவந்தது 2001 அக்டோபரில். அந்த மேடு நம் மேற்குத் தொடர்ச்சி மலை என்று நினைத்திருந்தவர்கள் எங்கள் வகுப்பில் இருந்தார்கள். அது கலிபோர்னியாவில் சார்லஸ் ஓ’ரியர் எடுத்த புகைப்படம்.

மூன்றாவது கேள்விதான் முடிச்சை அவிழ்த்தது: பென்குயின் எங்கிருந்து வந்தது?

பென்குயினின் ஜாதகம்

வெயிலில் பிளவக்கல் அணைத் தண்ணீரை நம்பி நெல்லும் தென்னையும் வளரும் ஊரில், பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரில் ஒரு பென்குயின் வந்தால் அது மனசில் பதியாமல் இருக்குமா? ஒன்றுபோல் இருக்கும் பலவற்றுக்கு நடுவே தனித்துத் தெரிவது அதிகம் நினைவில் நிற்கும் என்று 1933-இலேயே ஜெர்மானிய ஆய்வாளர் ஹெட்விக் ஃபான் ரெஸ்டார்ஃப் காட்டினார். அதனால் பென்குயினை நம்பலாம். மூன்று பேர் மூன்று கதை சொன்னாலும் பென்குயின் மூன்றிலும் இருக்கிறது.

கொழுத்த வயிறும் மஞ்சள் மூக்குமாக உட்கார்ந்திருக்கும் அந்தப் பென்குயினின் பெயர் டக்ஸ். லினக்ஸ் இயங்குதளத்தின் சின்னம்; 1996-இல் லாரி யூயிங் வரைந்தது. ஆகவே விளையாட்டு 1996-க்கு முந்தியதாக இருக்க முடியாது. பென்குயின் வந்தது என்றால் பெரும்பாலும் லினக்ஸ் மெஷின். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிப் பிள்ளையின் கைக்கு லினக்ஸ் எப்போது வந்தது? 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எல்காட் நிறுவனம் அரசுக்கு வாங்கும் கம்ப்யூட்டர்களில் சூசி லினக்ஸைக் கொண்டுவந்தது. அடுத்து 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அந்த முதல் சுற்று லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆன் செய்ததும் எதற்குள் போகட்டும் என்று கேட்கும். பாஸ் என்பது சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம், டெபியன் என்ற லினக்ஸை அடித்தளமாக வைத்து உருவாக்கியது.

இப்போது தேட வேண்டிய இடம் சுருங்கிவிட்டது. உலகத்தில் உள்ள எல்லா விளையாட்டும் வேண்டாம். அந்த ஆண்டுகளில் லினக்ஸில் கிடைத்த கல்வி விளையாட்டுகள் மட்டும் போதும். அவற்றில் டக்ஸ் வருபவை விரல் விட்டு எண்ணக்கூடியவை.

மீன் தின்றது ‘டக்ஸ் டைப்பிங்’. எழுத்தோ சொல்லோ தாங்கிய மீன்கள் மேலிருந்து விழும். சரியான கீயைத் தட்டினால் டக்ஸ் ஓடிப்போய் வாயில் வாங்கிக்கொள்ளும். துப்பாக்கி? அதே டக்ஸ் டைப்பிங்கில் இன்னொரு ஆட்டம் உண்டு. சொல் தாங்கிய எரிநட்சத்திரங்கள் கீழே உள்ள நகரங்களின் மேல் விழ வரும். சொல்லைத் தட்டினால் டக்ஸ் லேசரால் சுட்டுவிடும். கணக்கு? அது பக்கத்து வீட்டுப் பிள்ளையான ‘டக்ஸ்மேத்’. எரிநட்சத்திரத்தின் மேல் ‘7 x 8’ என்று இருக்கும். 56 என்று அடித்து என்டர் தட்டினால் லேசர் பாயும். தாமதித்தால் கீழே நகரம் அழியும். பின்னால் வந்த பதிப்புகளில் நகரத்துக்குப் பதில் பனிவீடுகள் வந்தன. முதல் அடியில் பனிவீடு பாதி உருகும்; அடுத்த அடியில் உள்ளிருந்த பென்குயின் வீடிழந்து நடையைக் கட்டும். பில் கெண்ட்ரிக் தொடங்கிய விளையாட்டு இது. அடாரி நிறுவனம் 1980-இல் வெளியிட்ட ‘மிசைல் கமாண்ட்’ என்ற ஏவுகணை ஆட்டத்தின் வாய்ப்பாட்டு வடிவம்.

ஆக, மீன் என்றவரும் சரி, துப்பாக்கி என்றவரும் சரி. ஒரே புரோகிராமின் இரண்டு ஆட்டங்களையும், அதன் உடன்பிறப்பையும் மூவரும் ஒரே விளையாட்டு என்று வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இது வெறும் பொருத்தமாக இருந்துவிடக் கூடாதே. அங்கேதான் அடையாள அணிவகுப்பு. டக்ஸ்மேத் திரையின் படம் ஒன்றை மட்டும் காட்டி “இதுவா?” என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். பென்குயின் வரும் வேறு ஐந்தாறு விளையாட்டுகளின் படங்களோடு கலந்து வைத்து, எது அசல் என்று தெரியாத ஒருவரைவிட்டுக் கேட்கச் சொல்ல வேண்டும். முன்பே எழுதி வைத்த தாளில், தேடலுக்குப் பயன்படுத்தாத ஒரு விவரம் படத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பனிவீடு உருகும் என்று ஒருவர் தாளில் இருந்தது. தேடும்போது அதை யாரும் சட்டை செய்யவில்லை. படத்தில் அது இருந்தபோது முடிச்சு இறுகியது.

பதிப்பைக்கூடக் கண்டுபிடிக்கலாம். டெபியன் திட்டம் 2005 முதல் தன் களஞ்சியத்தில் வந்துபோன மென்பொருள் பதிப்புகளைத் தேதிவாரியாகச் சேர்த்து வைத்திருக்கிறது. 2010-இல் டக்ஸ்மேத் எப்படி இருந்தது என்று கேட்டால் அந்த நாளின் பதிப்பையே இறக்கி ஆடிப் பார்க்கலாம். நகரமா, பனிவீடா என்ற சண்டை அங்கே தீரும்.

கடை யாருடையது?

மிச்சம் இருப்பது கடை. கொய்யாக்காய், கிலோ கணக்கு, தமிழ்க் குரல். இந்த டக்ஸ் விளையாட்டுகள் எதிலும் அப்படி ஒரு கடை கிடையாது. கடை என்று சொன்னவரிடம் மெஷினைப் பற்றிக் கேட்டால், பச்சை மேடு தெரிந்தது, சார் பீரோவைத் திறந்து சிடி எடுத்துப் போட்டார், போட்டதும் தானாக ஓடியது என்கிறார். அது விண்டோஸ் எக்ஸ்பி. வேறு மெஷின், வேறு வருஷம், நடுநிலைப் பள்ளி. பென்குயின் கடைக்காரர் இரண்டு விளையாட்டுகள் ஒட்டிப் பிறந்தவர்.

2000-களில் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் கீழ் கம்ப்யூட்டர் வழிக் கற்றல் மையங்கள் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் வந்தன. அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை பல மாநிலங்களோடு சேர்ந்து, தமிழ் உட்படப் பல மொழிகளில் பாடச் சிடிகளைத் தயாரித்தது. கடை வைத்து, சந்தை வைத்து, கதை சொல்லிக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் சிடிகள் அக்காலத்தில் பல இருந்தன. எங்கள் கடை அவற்றில் எது என்று இன்னும் தெரியவில்லை. டக்ஸைக் கண்டுபிடிக்க முடிந்தது. நம் மொழியில், நம் பாடத்துக்காக, நம் காசில் செய்த விளையாட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அப்படி ஒரு சிடி எங்காவது பள்ளிக்கூடத்துப் பீரோவில் கிடைத்தால் என்ன செய்யலாம்? முதலில் திருப்பிப் பார்க்க வேண்டும். அடிப்பக்கம் வெள்ளியாக மின்னினால் தொழிற்சாலையில் அச்சடித்தது, அநேகமாகப் பிழைத்திருக்கும். பச்சை, நீலம், பொன் சாயல் தெரிந்தால் கம்ப்யூட்டரில் எழுதியது. அதில் தகவலைத் தாங்குவது ஒரு சாயப் படலம், வெயிலிலும் சூட்டிலும் அது வெளுக்கும். அடிப்பக்கக் கீறலைவிட மேல்பக்கக் கீறல் ஆபத்து. சிடியின் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் முழுவதும் அடிப்பக்கம்தான்; தகவல் படலம் மேலே, ஒரு மெல்லிய பூச்சுக்குக் கீழேயே இருக்கிறது. பெயரைப் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதியவர்கள் தகவலின் மேலேயே எழுதினார்கள். ஈரமும் சூடும் சேர்ந்தால் பூஞ்சை வேறு. நடு அமெரிக்காவின் பெலீஸிலிருந்து வந்த ஒரு சிடியைப் பூஞ்சை தின்றிருந்ததை 2001-இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் கண்டார்கள்.

கீறல் விழுந்த சிடியும் படிப்பதற்குக் காரணம் 1960-இல் இர்விங் ரீடும் குஸ்தாவ் சாலமனும் கண்ட கணிதம். ஒவ்வொரு தகவல் துண்டோடும் கொஞ்சம் உபரி எண்களைச் சேர்த்து எழுதினால், சில எண்கள் தொலைந்தாலும் மிச்சத்தை வைத்துக் கணக்குப் போட்டுத் திரும்பப் பெறலாம். அடுத்தடுத்த பைட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதாமல் தள்ளித் தள்ளி எழுதுவார்கள். வீட்டு நகையை ஒரே பீரோவில் வைக்காமல் நாலு வீட்டில் கொடுத்து வைப்பது மாதிரி. ஒரு வீட்டில் களவு போனால் எல்லாம் போய்விடாது. சுமார் இரண்டரை மில்லிமீட்டர் கீறலில் போகும் 4,000 பிட் வரை இப்படி முழுதாக மீளும்.

சிடியைத் திறந்து ஆடிப் பார்ப்பதற்கு முன், அதன் முழுப் பிரதியை ஒரு ஃபைலாக எடுத்துவிட வேண்டும். இதற்கென்றே உள்ள டிடிரெஸ்கியூ போன்ற கருவிகள் நன்றாக உள்ள பகுதிகளை முதலில் வாரிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். அந்தப் பிரதியில் 32,768-வது பைட்டிலிருந்து சிடியின் பிறப்புச் சான்றிதழ் இருக்கும்: சிடியின் பெயர், உருவாக்கிய தேதி, சில வேளை தயாரித்த மென்பொருளின் பெயர். உறையும் லேபிளும் தொலைந்தாலும் இது தொலையாது.

உள்ளே இருப்பது ஃப்ளாஷ் படமாக இருந்தால் இன்னொரு தடயம். ஃப்ளாஷ் ஃபைலின் முதல் மூன்று எழுத்து ‘எஃப் டபிள்யூ எஸ்’ அல்லது ‘சி டபிள்யூ எஸ்’. நாலாவது பைட், எந்தப் பதிப்புக்காகச் செய்தது என்று சொல்லும். 5 என்றால் 2000-க்குப் பின். 6 என்றால் 2002-க்குப் பின். 8 என்றால் 2005-க்குப் பின். ‘சி’யில் தொடங்கினால் ஃபைல் சுருக்கப்பட்டது, விரிக்காமல் உள்ளே எந்தச் சொல்லையும் தேட முடியாது. 2020 டிசம்பர் 31-ஓடு ஃப்ளாஷுக்கு அடோபி முற்றுப்புள்ளி வைத்துவிட்டாலும், ‘ரஃபிள்’ என்ற இலவச மென்பொருள் அந்தப் படங்களில் பலவற்றை ஓட்டிக் காட்டுகிறது.

இத்தனைக்குப் பிறகும் ‘கொய்யா’ என்று தேடினால் கிடைக்காது. இன்றைய யூனிகோடில் ‘கொ’ என்பது முதலில் ‘க’, அடுத்து ஒகரக் குறி என்று எழுதப்படும். அந்த நாள் எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரிகிற வரிசைதான் எழுத்தின் வரிசை: முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு ‘க’, பிறகு கால். போதாததற்கு ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு எண் அட்டவணை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு குறிமுறைகளை ஏற்றது. இணையத்தில் டிஸ்கி இருந்தது. அலுவலகங்களில் வானவில் இருந்தது. யூனிகோடு அரசின் தரமானது 2010-இல்தான். ஆகவே ‘கொய்யா’வைத் தேட வேண்டுமானால் அதை அந்தந்தக் குறிமுறைக்கு மாற்றி, ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். எழுத்தைப் படமாகவே வரைந்து வைத்திருந்தால் அதுவும் முடியாது; கண்ணால் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

எது பிழைக்கிறது

டக்ஸ் கிடைத்தது ஏன், கடை கிடைக்காதது ஏன்? டக்ஸ்மேத் சுதந்திர மென்பொருள். யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம், பகிரலாம், மூலநிரலைத் திருத்தலாம். அதனால் பிரதி எடுத்தவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். கடைச் சிடிக்கு அந்த அனுமதி இருந்ததாகத் தெரியவில்லை. பிரதி பீரோவுக்குள் நின்றது. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைக்காது என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் கணக்கெடுத்துச் சொன்னது. விற்பனைக்கு வந்தவற்றின் கதியே இது.

பிழைத்தவற்றின் கதைகளைப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் ஒரு பிரதியைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தார். அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளின் தலைமுறைகளே ஆடிய ‘ஓரிகன் டிரெயில்’ 1971-இல் மினியாபோலிஸில் மூன்று இளம் பயிற்சி ஆசிரியர்கள் எழுதியது. பருவம் முடிந்ததும் கம்ப்யூட்டரிலிருந்து அதை அழித்துவிட்டார்கள். அவர்களில் ஒருவரான டான் ராவிட்ஷ் மட்டும் நிரலைத் தாளில் அச்செடுத்து வைத்திருந்தார். 1974-இல் மாநிலக் கல்விக் கணினி அமைப்பில் வேலைக்குச் சேர்ந்ததும் அந்தத் தாளைப் பார்த்து முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்தார். நம் லேப்களில் சார் தலை மறைந்ததும் ஓடிய ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ 1989-இல் வந்தது. அதன் மூலநிரல் தொலைந்ததாகவே அதை எழுதிய ஜோர்டன் மெக்னர் நினைத்திருந்தார். 2012-இல் அவருடைய அப்பா வீட்டு அலமாரியில் அந்த டிஸ்குகள் கிடைத்தன. பழைய டிஸ்குகளைப் படிப்பதில் கைதேர்ந்தவர்கள் வந்து அவற்றை மீட்டுக் கொடுத்தார்கள். மெக்னர் நிரலைப் பொதுவில் வைத்தார்.

நம் கடைச் சிடிக்குத் தாள் பிரதியும் இல்லை, சட்டமும் துணையில்லை. 1954-இன் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்தின் பிரதியும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் போக வேண்டும். மென்பொருளுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, முறையாகச் சிடி வைத்திருப்பவர் பாதுகாப்புக்குப் பிரதி எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறது. ஊருக்குக் கொடுக்க அனுமதிப்பதில்லை. அரசுக்கே உரிமையான படைப்பு என்றாலும் வெளியான ஆண்டிலிருந்து 60 வருஷம் உரிமை நீடிக்கும். 2004-இல் வந்த சிடி 2064 முடிந்தபிறகுதான் எல்லோருக்கும் சொந்தம். அதுவரை சாயப் படலம் தாங்காது.

இதற்கு வழி தெரியாத மாநிலம் இல்லை இது. பாரதியாரின் எழுத்துக்கான உரிமையை 1949-இல் அரசே வாங்கி, பின்னர் மக்களுக்கு விட்டுக்கொடுத்தது. அன்றிலிருந்து எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமை ஆகியிருக்கின்றன. அப்படிப்பட்ட நூல்களை எண்ணிம வடிவில் ஏற்றி வைக்கத் தமிழ் இணையக் கல்விக்கழகம் இருக்கிறது. பள்ளிகளுக்குப் பொதுப்பணத்தில் செய்த கல்விச் சிடிகளையும் அந்த வரிசையில் சேர்க்கலாம். உரிமை வைத்திருப்பவர்களிடம் கேட்டு வாங்கி ஓர் அரசாணை போட்டால், வத்திராயிருப்பில் ஓர் ஆசிரியர் பீரோவில் கண்ட சிடியை அன்றைக்கே பிரதி எடுத்து அனுப்பலாம். அதற்குள் ஆசிரியர்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: பள்ளியில் பழைய பொருள்களைக் கழித்துக்கட்டும்போது சிடிகளை எடைக்குப் போடும் பையில் போடாமல் தனியாக எடுத்து வைப்பது.